ஸ்பீக்கருக்குப் பின்னால் ஒரு திருகு

உங்க வீட்டுப் பரண்ல, இல்லன்னா தாத்தா வீட்டு ஸ்டோர் ரூம்ல, ஒரு ஜோடி பெரிய மரப்பெட்டி ஸ்பீக்கர் இருக்கா? இருந்தா, "அது எப்பவோ போயிடுச்சு"ன்னு வீட்ல யாராவது சொல்லியிருப்பாங்க. ஆயுத பூஜைக்கு வீடு ஒழிக்கும்போதெல்லாம் எடைக்குப் போட்டுடலாமான்னு ஒரு பேச்சு வந்திருக்கும். போடறதுக்கு முன்னாடி ஒரே ஒரு வேலை செய்யுங்க. முன்பக்கம் இருக்கற துணி ஃப்ரேமை மெதுவா கழட்டி, பெரிய கோனைச் சுத்தி இருக்கற வளையத்தை விரலால தொட்டுப் பாருங்க. கருப்பா, பிசுபிசுன்னு, நனைஞ்ச மாவு மாதிரி விரல்ல ஒட்டிக்கிட்டு வந்தா சந்தோஷப்படுங்க. போனது அநேகமா அந்த வளையம் மட்டும்தான்.

ஏன் அவ்வளவு தைரியமா சொல்றேன்னா, ஸ்பீக்கர்ங்கற பொருள் கிட்டத்தட்ட நூறு வருஷமா பெருசா மாறவே இல்ல. 1925-ல ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியில வேலை பார்த்த செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக்னு ரெண்டு பேர் எழுதின கட்டுரையில இருக்கற அமைப்புதான் இன்னிக்கும் ஓடுது. ஒரு காந்தம். அதோட இடைவெளிக்குள்ள ஒரு கம்பிச்சுருள், அதான் வாய்ஸ் காயில். அதோட ஒட்டின ஒரு காகிதக் கோன். கரண்ட் போனா சுருள் நகரும், கோன் காத்தைத் தள்ளும், நமக்குச் சத்தம் கேக்கும். காந்தம் நாப்பது வருஷத்துல சாகாது. காகிதம் நனையாம, கரையான் படாம இருந்தா அதுவும் சாகாது. காயில் எரியாம இருந்தா அப்படியே இருக்கும். சாகறது பாலியூரித்தேன் ஃபோம். 70-கள்லயும் 80-கள்லயும் வந்த நிறைய ஸ்பீக்கர்ல கோனோட ஓரத்தை ஃப்ரேமோட இணைக்கற வளையம் இந்த ஃபோம்லதான் இருக்கும். காத்துல இருக்கற ஈரம் அதோட மூலக்கூறுச் சங்கிலியை வெட்டிக்கிட்டே இருக்கும். பாட்டுப் போட்டாலும் போடாட்டியும், பத்து இருபது வருஷத்துல அது உதிர ஆரம்பிச்சிடும். நம்ம ஊர் ஈரத்துக்குக் கேக்கவே வேண்டாம்.

எங்க வீட்டு ஜோடி எங்க பெரியப்பாவோடது. அவர் தம்மாம்ல பன்னெண்டு வருஷம் வேலை பார்த்தவர். 1984-ல லீவுக்கு வரும்போது கொண்டு வந்தது. ஒவ்வொண்ணும் இருபது கிலோவுக்கு மேல. அந்தப் பெட்டி புதுக்கோட்டை வீட்டுக்கு வந்த கதையைப் பெரியம்மா இன்னிக்கும் சொல்லுவாங்க, டாக்ஸி டிக்கி மூடாம கயிறு கட்டி வந்ததுலேர்ந்து. அந்தக் காலத்துல ஊர்ல ரெக்கார்டிங் சென்டர்னு கடை இருக்குமாம். நமக்குப் பிடிச்ச பாட்டை லிஸ்ட் எழுதிக் குடுத்தா, வெறும் கேசட்ல பதிஞ்சு குடுப்பாங்க. 60 நிமிஷ கேசட்னா பக்கத்துக்கு முப்பது நிமிஷம், ஆறேழு பாட்டு. பெரியப்பாகிட்ட அப்படி ஒரு பெட்டி நிறைய கேசட் இருக்கு. உள்ள வைக்கற அட்டையில பாட்டுப் பேரு, படத்துப் பேரு எல்லாம் அவரோட கையெழுத்து. முக்கால்வாசி இளையராஜா.

எனக்கு நினைவு தெரிஞ்ச நாள்லேர்ந்து அந்த ஸ்பீக்கர் மேல டிவி ஸ்டெபிலைசரும் காலண்டரும்தான் இருக்கும். பெரியப்பா பாட்டுக் கேக்கறதையே விட்டுட்டார். "வயசாயிடுச்சு, ஆசை விட்டுப்போச்சு"ன்னு வீட்ல எல்லாரும் எடுத்துக்கிட்டோம். போன வருஷம் ஆறாவது செமஸ்டர் லீவுல அந்த வளையத்தைத் தொட்டுப் பார்த்தேன். விரல் கருப்பாச்சு.

ஊர்ல ஸ்பீக்கர் ரிப்பேர் பண்ற கடை ஒண்ணுதான் மிச்சம். கடை பாய்கிட்ட வூஃபரைக் கழட்டிக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் ஒரு 1.5 வோல்ட் செல்லை எடுத்து ரெண்டு முனையிலயும் ஒரு நொடி தொட்டார். கோன் டக்குனு முன்னாடி வந்துட்டுப் போச்சு. "காயில் நல்லா இருக்கு பாப்பா. காந்தம் கல்லு மாதிரி இருக்கு. கோனையே மாத்திடலாம், ரப்பர் எட்ஜ் வச்ச புது கோன், இன்னும் இருபது வருஷம் வரும்"னார். விலையும் நியாயம்தான். கோயில் ஸ்பீக்கர், கல்யாண மண்டப ஸ்பீக்கர்னு நாப்பது வருஷமா அதைத்தான் செய்யறார், நல்லாவும் செய்யறார்.

ஆனா இந்தப் பெட்டிக்கு அது சரிவராது. காரணத்தைக் கொஞ்சம் விளக்கணும். இங்கதான் நான் நாலு வருஷமா படிச்சது முதல் தடவையா கைக்கு வந்துச்சு.

இது முழுக்க மூடின பெட்டி, பின்னாடி ஓட்டையே கிடையாது. இந்த ஐடியா அமெரிக்காவுல எட்கர் வில்ச்சூர்ங்கறவரோடது. 1954-ல அவரும் ஹென்றி க்ளாஸும் சேர்ந்து மாசசூசெட்ஸ்ல அக்கூஸ்டிக் ரிசர்ச்னு ஒரு கம்பெனி ஆரம்பிச்சாங்க. அதுவரைக்கும் நல்ல பேஸ் வேணும்னா ஃப்ரிட்ஜ் சைஸ்ல பெட்டி வேணும்னு நினைச்சுக்கிட்டிருந்தாங்க. வில்ச்சூர் கேட்ட கேள்வி எளிமையானது. கோனைத் திரும்ப இடத்துக்குக் கொண்டுவரது அதைச் சுத்தி இருக்கற விறைப்பான வளையமும் பின்னாடி இருக்கற ஸ்பைடரும்தானே? அந்த ஸ்ப்ரிங் வேலையை மூடின பெட்டிக்குள்ள இருக்கற காத்துகிட்டக் குடுத்துட்டா என்ன? காத்து ஒரு ஒழுங்கான ஸ்ப்ரிங், துணியையும் காகிதத்தையும் விட ஒழுங்கானது. அதனால வளையத்தை ரொம்பத் தளர்வா வச்சுட்டார். சின்னப் பெட்டியிலேர்ந்து ஆழமான பேஸ் வந்துச்சு. அதுக்கப்புறம் வந்த ஆயிரக்கணக்கான மாடல்கள் அந்த வழியில போனதுதான். பெரியப்பாவோடதும் அதுல ஒண்ணு.

அப்ப வளையம் தளர்வா இருக்கறதுங்கறது இந்த டிசைனோட உயிர். அதுல தடிமனான ரப்பர் எட்ஜ் வச்ச புது கோனைப் போட்டா, கோனோட எடை மாறும், விறைப்பு மாறும், அதிர்வெண் மேல ஏறும். சத்தம் வரும். ஆனா அது வேற ஸ்பீக்கர். பழைய பெட்டிக்குள்ள புது ஆள் உக்காந்திருப்பார், அவ்வளவுதான். ஆஸ்திரேலியாக்காரர் நெவில் தீல் 1961-லயும், ரிச்சர்ட் ஸ்மால் 70-களோட ஆரம்பத்துலயும் இதையெல்லாம் ஈக்வேஷனா எழுதி வச்சுட்டாங்க. இன்னிக்கு ஸ்பீக்கர் டிசைன் பண்ற எல்லாரும் அந்த தீல்-ஸ்மால் எண்களை வச்சுத்தான் ஆரம்பிக்கறாங்க.

பாய்கிட்ட இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் வூஃபரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப ஃபோம் ரிங் மட்டும் வாங்கிட்டு வா. ஒட்டறதை இங்கயே ஒட்டு, நான் பாக்கறேன்"னார்.

ரிங் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல கிடைச்சுது, மூணாவது கடையில. வாங்கப் போறவங்க மூணு அளவு எடுத்துட்டுப் போகணும்: கோனோட வெளி விட்டம், வளையத்தோட மேடு ஆரம்பிக்கற இடமும் முடியற இடமும், ஃப்ரேமோட உள் விட்டம். "எட்டு இன்ச்", "பத்து இன்ச்"னு மட்டும் சொன்னா எதையோ குடுத்துடுவாங்க.

ஒட்டற வேலை ஒரு முழு நாள் எடுத்துச்சு. அதுல முக்கால்வாசி நேரம் பழைய பசையைச் சுரண்டறதுக்கே போச்சு. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்ல பஞ்சை நனைச்சு, காகிதம் கிழியாம, இஞ்ச் இஞ்சா. அப்புறம் நடுவுல இருக்கற மூடியை, அதான் டஸ்ட் கேப், பிளேடால வெட்டித் தூக்கி, வாய்ஸ் காயிலுக்கும் நடுக் காந்தத் தூணுக்கும் நடுவுல பழைய எக்ஸ்ரே ஃபிலிமை மெலிசா வெட்டிச் சொருகினோம், நாலு பக்கமும். இது பாய் சொன்ன வேலை. காயில் நடுமையத்துலயே நிக்கணும், ஒரு முடி அளவு சாஞ்சாலும் காந்தத்துல உரசும். மெதுவா காயற வெள்ளைப் பசையில வளையத்தை ஒட்டி, ஒரு ராத்திரி விட்டு, காலையில ஃபிலிமை உருவினோம். பாய் ரெண்டு கையாலயும் கோனை மெதுவா அழுத்தி, காதைக் கிட்ட வச்சுக் கேட்டார். உரசல் இல்ல. நான் லேப்ல ஆசிலோஸ்கோப் வச்சுப் பாக்கறதை அவர் காதால பார்த்தார்.

அடுத்து க்ராஸ்ஓவர். பெட்டிக்குள்ள ஒரு சின்னப் பலகையில காயிலும் கெப்பாசிட்டரும் இருக்கும். கீழ் ஸ்வரத்தை வூஃபருக்கும் மேல் ஸ்வரத்தை ட்வீட்டருக்கும் பிரிச்சு அனுப்பறது அதுதான். ட்வீட்டர் கெப்பாசிட்டர்ல 6 மைக்ரோஃபாரட்னு எழுதியிருந்துச்சு. மீட்டர்ல 9 காட்டுச்சு. எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் நாப்பது வருஷத்துல அப்படி விலகும். ஃபார்முலா நமக்கெல்லாம் மனப்பாடம்: ஒண்ணு வகுத்தல் டூ பை ஆர்.சி. ட்வீட்டரை 8 ஓம்னு எடுத்துக்கிட்டா, 6 மைக்ரோஃபாரடுக்குப் பிரியற இடம் 3,300 ஹெர்ட்ஸ் கிட்ட. 9-ன்னா 2,200. அதாவது அந்தச் சின்ன ட்வீட்டர் தன்னால தூக்க முடியாத சுமையை இத்தனை வருஷமா தூக்கிக்கிட்டு இருந்திருக்கு.

இங்க பழைய ஸ்பீக்கர் ஆர்வலர்களுக்குள்ள ஒரு நிரந்தரச் சண்டை இருக்கு. ஒரு கோஷ்டி, "மாத்தறதுதான் மாத்தறோம், விலை ஒசந்த ஃபிலிம் கெப்பாசிட்டரா போடலாம்"னு சொல்லும். இன்னொரு கோஷ்டி, "அந்த டிசைனர் எதை வச்சுக் கேட்டுப் பார்த்தாரோ அதையே போடு"ன்னு சொல்லும். எலக்ட்ரோலிட்டிக்குள்ள கொஞ்சம் ரெசிஸ்டன்ஸ் ஒளிஞ்சிருக்கும், ஃபிலிம்ல அது கிட்டத்தட்டக் கிடையாது. பழைய இடத்துல ஃபிலிமை அப்படியே போட்டா ட்வீட்டர் கொஞ்சம் தூக்கலாக் கேக்கும். நிறைய பேர் இதை "தெளிவு வந்துடுச்சு"ன்னு சொல்லிச் சந்தோஷப்படுவாங்க. நான் ரெண்டாவது கோஷ்டி. அதே மதிப்பு, அதே வகை. ஒரு பொருளை மீட்கறதுன்னா எதை மாத்தக் கூடாதுன்னு தெரிஞ்சுக்கறதுதான் பாதி வேலைன்னு நான் நம்பறேன்.

அந்த நம்பிக்கையைப் பெரியப்பா ஒரு சாயந்திரத்துல ஆட்டம் காண வச்சுட்டார்.

எல்லாம் பூட்டி, ஹால்ல பழைய இடத்துலயே வச்சோம். டெக்கோட பெல்ட் இளகிப்போயிருந்ததால, கேசட் அட்டையில இருந்த வரிசைப்படியே ஃபோன்ல ஒரு பிளேலிஸ்ட் போட்டு ஆம்ப்ளிஃபையர்ல இணைச்சேன். முதல் பாட்டு ஆரம்பிச்சதும் பெரியம்மா அடுப்பை அணைச்சுட்டு வந்து வாசப்படியில உக்காந்துட்டாங்க. பேஸ் கிட்டார் தரையில நடந்து வர மாதிரி இருந்துச்சு. வயலின் கூட்டம் ரெண்டு பெட்டிக்கும் நடுவுல, சுவத்துக்கு அந்தப் பக்கம் வரைக்கும் விரிஞ்சுது. நான் இயர்ஃபோன்ல நூறு தடவை கேட்ட பாட்டு அது.

பெரியப்பா முழுசாக் கேட்டார். கேட்டுட்டு, "நல்லாத்தான்மா இருக்கு. ஆனா அப்ப இருந்த மாதிரி இல்லையே. போர்வைக்குள்ளேர்ந்து பாடற மாதிரி இருக்கு"ன்னார்.

நான் மறுபடியும் எல்லாத்தையும் அளந்தேன். ஃப்ரெண்டுகிட்ட மெஷர்மென்ட் மைக் கடன் வாங்கி, ஸ்வீப் ஓட்டி, கிராஃப் எடுத்தேன். ரெண்டு பெட்டியும் ஒண்ணுக்கொண்ணு அச்சு மாதிரி ஒத்துப்போச்சு. மேல் ஸ்வரம் எல்லாம் அங்கதான் இருக்கு. அப்பதான் அண்ணன், பெரியப்பாவோட பையன், பீரோவுலேர்ந்து ஒரு காகிதத்தை எடுத்துக் காட்டினார். ரெண்டு வருஷம் முன்னாடி காது டாக்டர்கிட்ட எடுத்த ஆடியோகிராம். 250 ஹெர்ட்ஸ்லேர்ந்து 8,000 வரைக்கும் ஒரு கோடு. 2,000 வரைக்கும் சுமாரா போய், அதுக்கப்புறம் மலைச்சரிவு மாதிரி கீழ இறங்குது. 4,000-ல 55 டெசிபல் இழப்பு. நாங்க மூணாவது செமஸ்டர்லேர்ந்து வரைஞ்சுக்கிட்டு இருக்கற லோ-பாஸ் ஃபில்டர் வளைவு, அப்படியே. கீழ அவர் பேரும் வயசும்: 71.

யோசிச்சுப் பாருங்க. அந்த ஸ்பீக்கர் 1984-ல எப்படிக் கேட்டுச்சுன்னு சொல்லக்கூடிய ஒரே ஆள் அவர். பெட்டியை நான் 1984-க்குக் கொண்டுபோயிட்டேன். அவரோட காதைக் கொண்டுபோக முடியாது. அவர் பாட்டுக் கேக்கறதை விட்டது ஆசை போனதால இல்ல. ஒரு பக்கம் ஃபோம் உதிர்ந்துச்சு, இன்னொரு பக்கம் காதுல மேல் ஸ்வரம் உதிர்ந்துச்சு. ரெண்டும் கொஞ்சம் கொஞ்சமா, ஒரே சமயத்துல. எது எவ்வளவுன்னு அவருக்கும் தெரியல, எங்களுக்கும் தெரியல.

இப்ப என்ன செய்யறது? க்ராஸ்ஓவரை மாத்தி, ட்வீட்டரைத் தூக்கலா ஆக்கிடலாம். அஞ்சு நிமிஷ வேலை. ஆனா அப்படிச் செஞ்சா நான் அதுவரைக்கும் பிடிச்சுக்கிட்டிருந்ததெல்லாம் எதுக்கு? ரெண்டு நாள் இதையே யோசிச்சுக்கிட்டிருந்தேன்.

பதில் பெட்டிக்குப் பின்னாடியே இருந்துச்சு. அந்தக் காலத்து ஸ்பீக்கர்ல நிறையத்துக்கு முதுகுப் பக்கம் ஒரு சின்னத் திருகு இருக்கும், ட்வீட்டர் அளவைக் கூட்டவும் குறைக்கவும். வில்ச்சூரோட ஏ.ஆர்-3-லயே அது உண்டு. எங்களோடதுல ஒரு வெள்ளைப் புள்ளி, அதுதான் சாதாரண நிலை. உள்ள துரு ஏறி இருந்ததால, நான் ஏற்கனவே கான்டாக்ட் க்ளீனர் அடிச்சு, அம்பது தடவை இப்படியும் அப்படியும் திருகி, புள்ளிக்கு நேரா வச்சு விட்டிருந்தேன். அளந்து பார்த்தா, புள்ளியிலேர்ந்து முழுசாத் திருகினா ட்வீட்டருக்குப் போற வோல்டேஜ் 1.4 மடங்கு ஏறுது. டெசிபல்ல சொன்னா 3. 55 டெசிபல் பள்ளத்துக்கு 3 டெசிபல் மண்ணு. இருந்தாலும், டிசைன் பண்ணவரே ஒவ்வொரு அறையும் ஒரு மாதிரி இருக்கும், கேக்கற ஆள் தன் இஷ்டத்துக்கு வச்சுக்கட்டும்னு விட்டுட்டுப் போன இடம் அது. அதைத் தொடறது டிசைனை மாத்தறது ஆகாது.

பெரியப்பாவையே திருகச் சொன்னேன். பெட்டிக்குப் பின்னாடி குனிஞ்சு, பாட்டு ஓட ஓட, மெதுவாத் திருகிக்கிட்டே போனார். கடைசி வரைக்கும் போய் நிறுத்தினார். எனக்கு அந்த இடத்துல தாளத்தட்டுச் சத்தம் காதைக் குத்துச்சு. அவர் வந்து நாற்காலியில உக்காந்து, "ம், இப்ப தேவலை"ன்னார். அப்புறம் என்னைப் பார்த்து, "காதுல மாட்டறதுக்கு ஒண்ணு வாங்கிக் குடுத்தானே, அதுலயும் இப்படித் திருக முடியுமா?"ன்னு கேட்டார். அண்ணன் வாங்கிக் குடுத்த ஹியரிங் எய்டு அது. "பாத்திரம் வச்சாக்கூட இடி விழற மாதிரி இருக்கு"ன்னு ரெண்டு வருஷமா பீரோவுலயே வச்சிருந்தார்.

திருக முடியும். இன்னிக்கு வர ஹியரிங் எய்டு சத்தத்தைக் க்ராஸ்ஓவர் மாதிரியே பட்டை பட்டையாப் பிரிக்குது. ஒவ்வொரு பட்டைக்கும் தனித்தனியா, சின்னச் சத்தத்துக்கு அதிகமாவும் பெரிய சத்தத்துக்குக் குறைவாவும் தூக்கிக் குடுக்குது. இதுக்கு அடிப்படை போட்ட ஆராய்ச்சி யாரோடதுன்னு தேடினப்ப, நான் நாற்காலியை விட்டு எழுந்துட்டேன். அதே எட்கர் வில்ச்சூர். 1967-ல தன் ஸ்பீக்கர் கம்பெனியை வித்துட்டு, காது கேக்காதவங்களுக்கான ஆராய்ச்சியில இறங்கி, 1973-ல இதைக் கட்டுரையா வெளியிட்டிருக்கார். பேடன்ட் எடுக்கல. யார் வேணும்னாலும் செஞ்சுக்கட்டும்னு விட்டுட்டார். 2011-ல இறந்துபோனார்.

பெரியப்பாவை அண்ணன் மறுபடி ஆடியாலஜிஸ்ட்கிட்டக் கூட்டிட்டுப் போனார். இந்தத் தடவை அவரே, "பாத்திரச் சத்தம் குறையணும், வயலின் கேக்கணும்"னு சொல்லி, நாலு தடவை போய்ச் சரிபண்ணிக்கிட்டார். விருந்தாளி வந்தா இன்னும் கழட்டி வச்சுடறார், அதுல மாற்றம் இல்ல. ஆனா சாயந்திரம் ஆறு மணிக்கு மாட்டிக்கிட்டு ஒரு கேசட் அளவுக்குப் பாட்டுக் கேக்கறார். இப்ப ஸ்பீக்கர் திருகு முக்கால்ல நிக்குது. நான் ஊருக்குப் போனா புள்ளிக்குத் திருப்பிக்குவேன், அவர் வந்ததும் முக்காலுக்குப் போயிடும். எந்த நிலை சரின்னு எங்களுக்குள்ள சண்டை இல்ல.

உங்க பரண்ல ஒரு ஜோடி இருந்தா, கழட்டறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் செய்யுங்க. ஒண்ணு, எந்த வயர் எந்த முனையில இருந்துச்சுன்னு ஃபோன்ல படம் எடுத்துக்கோங்க. ஒரு பெட்டியில மட்டும் மாத்திக் குடுத்தா பேஸ் காணாமப் போயிடும். ரெண்டு, அதை வாங்கினவங்க உயிரோட இருந்தா, அது எப்படிக் கேக்கும்னு அவங்ககிட்டக் கேட்டு எழுதி வச்சுக்கோங்க. டெக்னிக்கலா எதுவும் வேண்டாம், "தரை அதிரும்", "தட்டுச் சத்தம் பளிச்சுன்னு இருக்கும்"னு அவங்க சொல்றதை அப்படியே எழுதுங்க. மீட்டர்ல கிடைக்காத அளவு அது.

மிச்சம் இருக்கற பசையும், எக்ஸ்ரே ஃபிலிம் துண்டும், ஒரு கெப்பாசிட்டர் மீட்டரும் என் ஹாஸ்டல் ரூம்ல இருக்கு. வேணும்னா ஈ.சி.இ. ப்ளாக்ல வந்து கேளுங்க. மே மாசம் வரைக்கும் இங்கதான் இருப்பேன்.